கருப்பர் பங்கு

அறுபத்தெட்டாம் வருஷம். அமராவதிபுதூரில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு நாலு பூட்டுப் போடுவார்கள். கோழிக்கு மட்டும் கருப்பர் கோயில் சாமியாடி சேவுகச் சாமியின் ஒரு பிடி சாம்பல். வெள்ளிக்கிழமை ஆனால் அவர் வாசலில் சினிமாக் கொட்டகையிலும் காணாத கூட்டம். ஒரு படி அரிசியும் தேங்காயும் வைத்துவிட்டு, எத்தனை கோழி, எத்தனை நாள் ஊரில் இருக்கமாட்டோம் என்று கருப்பர் காதில் சொல்ல வேண்டும். கருப்பருக்கும் சேவுகனுக்கும் ஒரே காது என்பதால் சேவுகன் காதில் சொன்னால் போதும். அவர் வந்து கூட்டைச் சுற்றிச் சாம்பல் தூவிக் ‘கட்டு’ப் போடுவார். நரி வராது, கீரி வராது. ஒரே ஒரு நிபந்தனை: கூட்டைத் தாழ்ப்போடக் கூடாது. கருப்பர் உள்ளே வந்து எண்ணிப் பார்க்க வேண்டுமாம்!

திரும்பி வந்து பார்த்தால் மூன்று நாலு குறையும். அது ‘கருப்பர் பங்கு’. மிச்சத்தைச் சாமி காப்பாற்றிவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னொரு தேங்காய் உடைப்பார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி போய்வந்து அன்னக்கிளியும் அப்படி உடைத்தவள்தான். இந்த முறை பங்கு கொடுக்க அவளுக்கு மனசில்லை. மீதிப் பதினோரு கோழியும் மகளின் பேறுகாலத்துக்கென்றே வளர்த்தவை. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாறு வேண்டும், முட்டை வேண்டும். நாச்சியாபுரத்தில் வளைகாப்பை முடித்து மகளை அழைத்துவரப் போகாமலும் முடியாது.

பக்கத்து வீட்டுத் தச்சாசாரி குமரப்பன் கேட்டார்: “ஏத்தா, ரத்தமில்ல, ஒரு இறகு இல்ல. அம்புட்டுச் சுத்தமாத் திங்கிற சாமி எங்குட்டுத்தா இருக்கு?”

அன்னக்கிளிக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்தாள். பதினோரு கோழிக்கும் இறக்கைக்கு அடியில், வெளியே தெரியாமல் ஒரு விரல் இழுப்பு. காய்ந்ததும் சாமியிடம் போனாள்.

“பதினோரு உருப்படி சாமி. செவ்வாக்கெழமதான் வருவேன்.”

“போயிட்டு வா தாயி. கருப்பர் பாத்துக்கிருவாரு.”

திங்கட்கிழமை காலையிலேயே மகளோடு காரைக்குடியில் வந்து இறங்கினாள். அன்று சந்தை. நேரே கோழிக்காரர்கள் வரிசைக்குப் போனாள். விபூதி கழுவிய நெற்றியோடு சேவுகன் குந்தியிருந்தார். முன்னால் கால் கட்டிய நாலு கோழிகள்.

ஒன்றைத் தூக்கி இறக்கையை விரித்தாள். நீலம். அடுத்ததும் நீலம்.

“இது எங்க வீட்டுக் கோழி தாயி…”

“ஒங்க வீட்டுக் கோழி எங்க மாட்டுக் கொம்புப் பெயிண்ட எப்பப் பூசிக்கிருச்சு?”

கூட்டம் கூடிவிட்டது. சேவுகன் கோழிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது… கருப்பர் எனக்குக் குடுத்த பிரசாதம்.”

“கருப்பரு காவல் காத்தாரா, களவாண்டாரா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க!”

சந்தைக்கு வந்திருந்த அமராவதிபுதூர்க்காரர்கள் அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அன்னக்கிளி நாலு கோழியையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவள் தெருக்காரி வள்ளிக்கண்ணு மட்டும் முகம் வாடி நின்றாள். “ஏக்கா, அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேனே, இனிமே கோழிக்கு யாருகிட்டக்கா கட்டுப் போடுறது?”

அன்னக்கிளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கோழிய வீட்டுல விட்டுட்டுப் போ. மூளையவாச்சும் கூடக் கொண்டு போ!”