நெட்டையன் காட்டிய வழி

அடுத்த சீசனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி தனக்கே சொந்தம் என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது கடையில். வீட்டில் முடிவு செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடி. வில்லை தேய்ப்பது தொழில். முப்பது வருஷமாகத் தேய்க்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் தேய்த்த வில்லை வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவர் மனைவி மட்டும் கண்ணாடி போடுவதில்லை. அவளுக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். அதுதான் சிக்கல்.

டிவியில் கார்ப் பந்தயம் ஞாயிறு இரண்டு மணிக்கு. மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் சின்ன மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியதும் அதே இரண்டு மணிக்கு. அங்கே அக்காளும் தங்கையும் போன ஞாயிறு பேசியதை முதலிலிருந்து பேசுவார்கள். இவர் வாசலில், காருக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் உலகத்தில் இருபது பேர் காரில் பறந்துகொண்டிருப்பார்கள். இருபத்தோராவது ஆள் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். முடிவு தெரிந்த பந்தயம் கழுவி வைத்த தட்டு. அதில் என்ன இருக்கிறது?

மனைவியிடம் ஒரு தடவை கேட்டும் பார்த்தார். அவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். முப்பத்தெட்டு நர்சுகளுக்கு எவளுக்கு எந்த ஷிஃப்ட் என்று லிஸ்ட் போடுகிறவள். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒரு லிஸ்ட் உண்டு. அதைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள்.

“லிஸ்ட் போட்டாச்சுங்க,” என்றாள்.

விசாரணை முடிந்தது.

அவருக்கு ஒரே ஆறுதல் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். அந்த ஆளுக்கும் பந்தயப் பைத்தியம். சீசன் முடியப்போகிற சமயம். யார் ஜெயிப்பான் என்பதெல்லாம் பழைய பேச்சு. அடுத்த வருஷம் யார் எந்த அணிக்குத் தாவுவான் என்பதுதான் இப்போது ருசி. காலையில் கடை திறந்ததும் தொடங்குவார்கள்.

“நெட்டையன் மஞ்சள் அணியை விட்டுப் போறானாம்யா.”

“யார் சொன்னா?”

“பேப்பர்ல போட்டிருக்கான். நீல அணி கூப்பிடுதாம். நெருங்கிய வட்டாரம் சொல்லுதாம்.”

“அப்ப நீலத்துல இருக்கற சுருட்டைத்தலையன்?”

“அவன் பச்சைக்குப் போவான்.”

“பச்சையில ரெண்டு சீட்டும் ரொம்பிப்போச்சே?”

“ஒருத்தனை இறக்கி விட்டுருவான்.”

“இதென்ன பஸ்ஸா?”

“பஸ்லயாவது நின்னுக்கிட்டுப் போகலாம்.” கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். “நெட்டையன் எங்கயும் போக மாட்டான், எழுதி வச்சுக்க. அந்த நெருங்கிய வட்டாரம் யாருன்னு நினைக்கறே?”

“யாரு?”

“நெட்டையனேதான்! வருஷா வருஷம் இதே வேலை. நீலம் கூப்பிடுதுன்னு காத்துல விடுவான். மஞ்சள் முதலாளி பதறியடிச்சு ஓடி வருவான். ‘போயிடாதப்பா, உனக்கு என்ன வேணும் சொல்லு’ன்னு காலைப் பிடிப்பான். போன வருஷம் புது என்ஜின் கேட்டான், கெடைச்சுது. அதுக்கு முந்தின வருஷம் கூட ஓட்டறவன் தன்னை முந்தக் கூடாதுன்னு எழுதி வாங்கினான். இதுவரைக்கும் ஒரு தடவை அணி மாறியிருக்கானா?”

கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கையிலிருந்த வில்லை ஒரு தபால்காரருடையது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மனிதருக்கு எல்லா வீடும் பக்கத்திலேயே இருப்பதாகத் தெரிகிறது. வேலையில் நல்ல பெயராம்.

“யோவ், நான் யாரு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“கண்ணாடிக்காரன்.”

“வீட்டுல?”

“அது ஊருக்கே தெரியுமே.”

“அது இல்லய்யா! எங்க வீட்டுக்கு ஒரே டிரைவர் நான்தான். அவளுக்கு ஓட்டத் தெரியாது. கிழவிக்கும் தெரியாது. நான் வேற அணிக்குப் போறேன்னா?”

கடிகாரக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உன்னை எந்த அணி எடுக்கும்?”

“எடுக்க வேணாம்யா. எடுக்கறதாப் பேச்சு வந்தாப் போதும்.”

எதிர்வீட்டு அம்மாளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். வைத்தது கண்ணாடிக்காரர். காதில் விழுந்தால் போதும், தெருமுனை வரை போய்ச் சேரும். திங்கட்கிழமை மாலை அந்த அம்மாள் படியில் எதிர்ப்பட்டாள். இவர் பெருமூச்சு விட்டார். பெருமூச்சுக்குக் காரணம் கேட்காமல் நகர அந்த அம்மாளுக்குக் கால் வராது.

“எங்கக்கா கூப்பிடறாங்கம்மா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து இங்கயே வந்து இருடாங்கறா. மாடி ரூம் காலியா இருக்கு. பெரிய டிவி. ஞாயித்துக்கிழமை ஒரு வேலை கிடையாதுங்கறா. யோசனையா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொன்னால்தான் சேதி வேகம் பிடிக்கும்.

அக்கா கூப்பிட்டுப் பேசியே நாலு மாதம் ஆகிறது. அது வேறு விஷயம்.

செவ்வாய் முழுக்க மனைவி ஓடிவந்து காலைப் பிடிப்பாள் என்று காத்திருந்தார். காலை நீட்டியே உட்கார்ந்திருந்தார். அவள் தரை துடைக்க வந்து, “காலை எடுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை தட்டில் பரிமாறும்போது பேச்சு வந்தது.

“ஏங்க, அண்ணி வீட்டுக்குப் போறீங்களாமே?”

வந்துவிட்டது! கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “பேச்சு நடக்குது. இன்னும் கையெழுத்தாகலை.”

“எந்தத் தேதின்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.”

“என்னது?”

“ஒண்ணாந்தேதின்னாங்க எதிர்வீட்டுல. சனிக்கிழமை வருது. லிஸ்ட் மாத்தணும் பாருங்க.”

“அவ்வளவுதானா?”

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கரண்டியைத் தூக்கினாள்.

இருபது வருஷத்தில் ‘வேற ஆஸ்பத்திரி கூப்பிடுது மேடம்’ என்று அவள் மேஜை முன்னால் வந்து நின்ற நர்சுகள் எத்தனை பேர் என்று இவர் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. நெட்டையனைப் பற்றிக் கேட்கவே அவருக்குப் பொழுது பற்றவில்லை.

வியாழக்கிழமை கடைக்கு போன் வந்தது. அக்கா.

“டேய்! சனிக்கிழமை வர்றியாமே! உன் பொண்டாட்டி சொன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுடா. உங்கத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து கார் சும்மாவே நிக்குது. யார் வருவான்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீயா முன்வந்து நிக்கறே பாரு, ரத்த பாசம்னா இதுதான்டா!”

“அக்கா, அது வந்து...”

“மாடி ரூமைக் கழுவி விட்டாச்சு. வை.”

வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ் கதவில் புது லிஸ்ட். அதில் இவர் பெயர் இல்லை. கார் என்ற இடத்தில் ஒலிபெருக்கியின் கணவர்.

“அவரா?”

“எங்க ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவருங்க. ரிட்டயராகி நாலு மாசமா வீட்டுலயே இருக்கார்.”

“சும்மா எதுக்கு ஓட்டறாராம்?”

“வீட்டுல இருக்கறதுக்கு இது தேவலாம்னார். கையைப் பிடிச்சுக் கும்பிட்டார் பாவம்.”

மாமியார் கட்டிலில் இருந்து குரல் கொடுத்தாள். “மாப்பிள்ளை, நேத்து சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனார். பூப்போல ஓட்டறார். முன்னாடி போற வண்டியெல்லாம் தானா ஒதுங்குது!”

இவர் நினைத்தால் அப்போதே, ‘எல்லாம் சும்மா சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆயுசு முழுக்க ஞாயிறு போச்சு. சொல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். கட்டினார். மனைவி இரண்டு நாள் தாங்குவாளா? தாங்க மாட்டாள். நெட்டையன் ஒரு தடவை மூன்று நாள் போனை எடுக்காமலே இருந்து சாதித்திருக்கிறான்.

சனிக்கிழமை அவள் வாசல் வரை வந்தாள். சிரித்த முகமாக வழியனுப்பினாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தது ஆம்புலன்ஸ்காரர். பதினைந்தே நிமிஷத்தில் அக்கா வீட்டு வாசலில் இறக்கினார். இவர் ஓட்டியிருந்தால் நாற்பது.

அக்கா கையில் ஒரு தாளோடு நின்றாள்.

“உன் பொண்டாட்டி தங்கம்டா! நீ என்னென்ன வேலை செய்வேன்னு வரிசையா போன்ல சொன்னா. ஆஸ்பத்திரியில ட்யூட்டி மாறறப்ப எல்லா விவரமும் சொல்லித்தான் ஒப்படைக்கணுமாம். எந்த வேலைக்கு என்ன சாக்கு சொல்லுவேன்னும் சொல்லிட்டா. எழுதி வச்சிருக்கேன்.”

“அக்கா, எனக்கு இடுப்பு...”

அக்கா தாளைப் பார்த்தாள். “ம். மூணாவது.”

மறுநாள் ஞாயிறு. அதிகாலையிலிருந்து காரை எடுத்தார், நிறுத்தினார், எடுத்தார். அக்காவின் சம்பந்தி, அக்காவின் தையல் கடை, அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த குடை. இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூச்சு வாங்க டிவி முன்னால் வந்து விழுந்தார். பெரிய டிவிதான். அதில் பொய் இல்லை. எதிரே அத்தான், முழங்காலை முக்காலியில் நீட்டி, மீன் பிடிக்கும் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் தூண்டில் போட்டிருந்தான். தண்ணீர் அசையவில்லை. அவனும் அசையவில்லை. அத்தானும் அசையவில்லை. ரிமோட் அத்தானின் போர்வைக்குள்.

“அத்தான், கொஞ்சம் வேற மாத்தலாமா?”

“ஷ்ஷ். மீன் பயந்துடும்.”

நாலு மணி வரை பார்த்தார். ஒரு மீன். அதையும் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டான்.

அப்போது கடிகாரக்காரர் போன் செய்தார். குரலில் இழவு.

“கேட்டியா? நெட்டையன் கதை முடிஞ்சுது!”

“நீல அணிக்குப் போயிட்டானா?”

“மஞ்சள் முதலாளி பந்தயம் முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு, ‘நெட்டையன் நீல அணிக்குப் போறதாக் கேள்விப்பட்டோம், நல்லா இருக்கட்டும், அவர் சீட்டுக்கு ஒரு பொடியனை எடுத்தாச்சு’ன்னுட்டான்.”

“சரி, நீலம்?”

“நீலக்காரன், ‘நாங்க எப்பய்யா கூப்பிட்டோம்’ங்கறான்.”

“ஐயையோ! அப்ப நெட்டையன்?”

“நடுத்தெருவுல நிக்கறான். அடுத்த வருஷம் அவனுக்கு ஓட்டக் காரே இல்லை. டிவியில பார்க்கப் பாவமா இருந்தது. நீ பார்க்கலை?”

“நான் மீன் பார்த்துக்கிட்டிருந்தேன்,” என்றார் கண்ணாடிக்காரர். அவருக்காவது ஒரு வீடு இருக்கிறது. இன்னும் இருக்கிறது என்று நம்பினார்.

திங்கட்கிழமை மாலை கடையைச் சாத்தினார். பெட்டியோடு நேரே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். தன் வீட்டுக் கதவைத் தட்டுவது அதுதான் முதல் தடவை.

மனைவி திறந்தாள். அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். சூடாக டீ வந்தது. மாமியார்கூட, “மாப்பிள்ளை இல்லாம வீடு வெறிச்சுன்னு கிடந்தது,” என்றாள்.

“அண்ணி வீட்டுல ஒத்து வரலையா?” என்றாள் மனைவி.

“அவங்க பேசின பேச்சு ஒண்ணு, நடந்தது ஒண்ணு. வேணாம்னுட்டேன்.” டீயை உறிஞ்சினார். கால் தரையில் ஊன்றியது போல் இருந்தது. “இங்கயே சேர்ந்துக்கலாம்னு.”

“தாராளமா. ரெண்டு டிரைவர் இருந்தா எனக்கும் வசதிதான்.” பென்சிலை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கக்கூட அவள் குஷியாக இருப்பது தெரிந்தது. “திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் அவர் என்னை ஆஸ்பத்திரியில விட்டுக் கூட்டிட்டு வந்துடுவார். ஞாயிறு உங்களுக்கு.”

கண்ணாடிக்காரருக்குக் காதை நம்ப முடியவில்லை. “ஞாயிறு எனக்கா? மத்தியானம் ரெண்டு மணியா?”

“ஆமாங்க. அம்மாவைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற ட்யூட்டி.”

டம்ளர் கீழே வந்தது. “அவர்தான் பூப்போல ஓட்டறாராமே! அவரே கூட்டிட்டுப் போகட்டும்!”

“அவருக்கு ஓய்வு நாளுங்க. ஞாயிறு மத்தியானம் இங்கதான் டிவி பார்க்க வர்றார். ஏதோ கார்ப் பந்தயமாம். அவங்க வீட்டுல டிவி சத்தமே கேக்காதாம்.”

“நான் என்ன, வந்தவனா போனவனா? இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுக்கு ஓட்டறேன்டி!”

“எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தாங்க. விட்டுட்டுப் போனவங்க திரும்பி வந்தா சந்தோஷமாச் சேர்த்துக்குவோம். ஆனா பழைய சர்வீஸ் சேராது. ஜூனியருக்குத்தான் ஞாயிறு ட்யூட்டி.”

“அந்த ஆளு நேத்து வந்தவன்!”

“முந்தாநாளுங்க,” என்றாள், அவர் பெயரைக் கடைசி வரியில் எழுதிக்கொண்டே. “உங்களைவிட ரெண்டு நாள் சீனியர்.”