சேஃப்டி சார் கேட்ட சாவி

மண்ணூர்பேட்டையில் சேஃப்டி சார் அளவுக்குப் பயந்த மனிதரும் கிடையாது, துணிந்த மனிதரும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் எதிர் ஃபிளாட். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சமையற்கட்டுக்குப் போய் கேஸ் சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவர் மகள் யாழினியின் பள்ளிக்கு, மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனார். மற்றவர்கள் மார்க்கைப் பற்றிக் கேட்டார்கள். இவர் பின் கேட் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டார். தீயணைப்பானில் இருந்த காலாவதித் தேதியைச் சத்தமாகப் படித்தார்.

"இஷ்டமில்லன்னா பொண்ண நிறுத்திக்கோங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

நிறுத்திவிட்டார். மறுநாளிலிருந்து யாழினிக்கு வீடே பள்ளி.

இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு காலையில் அவரே பாடம் நடத்தினார். பின்னக் கணக்கை அவர் சொல்லித்தரும் அழகுக்காக நான் என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தது உண்டு. ஆனால் வாரம் ஒருமுறை தீ ஒத்திகை. விசில் ஊதுவார். ஒரே ஒரு மாணவி வரிசை கலையாமல் மூன்று மாடி இறங்குவாள். முதல் தடவை நிஜமென்று நம்பி, சோப்பு நுரையும் துண்டுமாக நானும் இறங்கிவிட்டேன்.

"நீங்க ரெண்டு நிமிஷம் லேட் சார்" என்றார், நோட்டில் குறித்தபடி.

அவரைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான்தான். ஒருநாள் ஒத்திகை முடிந்து கீழே நின்றபோது யாழினி கேட்டாள்.

"அப்பா, நான் வெளிய வந்துட்டேன். கார்த்தி ஸ்கூல்லதானே இருக்கான்? அவன் எப்படி வருவான்?"

கார்த்தி என் மகன், அதே பள்ளியில் படிப்பவன். சேஃப்டி சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்று பாடம் நடக்கவில்லை.

மறுநாள் காலை மகளோடு பள்ளி வாசலில் போய் நின்றார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். அவள் மரத்தடியில் வாய்ப்பாடு சொல்வாள். இவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அண்ணாத்தே, பொண்ணத்தான் இட்டுகினு போய்ட்டியே. இன்னும் எதுக்கு வந்துகினு கீறே?"

"மத்த புள்ளைங்க உள்ள இருக்காங்களே."

பத்தாவது நாள் தலைமையாசிரியை உள்ளே அழைத்தார். இவர் சண்டை போடவில்லை. "அந்தப் பின் கேட் சாவிய மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க மேடம். போயிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பியூன் ஒரு கொத்துச் சாவி கொண்டுவந்தார். ஒன்றும் சேரவில்லை. அலமாரியைக் கவிழ்த்தார்கள். வேலையை விட்டுப்போன வேன் டிரைவரிடம் இருக்கலாம் என்றார் ஒருவர். அவர் திருமழிசையில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். நாற்பது நிமிடம் போயிற்று. சேஃப்டி சார் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "பூட்ட உடைங்க" என்றார்.

அடுத்த மாதம் பள்ளியில் முதல் ஒத்திகை. நான்கு நிமிடத்தில் மொத்தப் பிள்ளைகளும் பின் கேட் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கார்த்தி சிரித்துக்கொண்டே வந்தான். தெருவில் நின்று பார்த்த எனக்குத்தான் கண் கலங்கிப்போயிற்று. யாழினி மறுபடியும் சீருடை போட்டுக்கொண்டாள்.

"வீட்லயே நல்லாத்தானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"என் புள்ளைய மட்டும் தூக்கிகிட்டு ஓடி வந்துட்டேன் சார். ஃபேக்டரில அப்படி ஓடினா என் வேலையே போயிடும்."

போன வருடம் ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். லாரி கிளம்பும்போது நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். "பத்திரமாப் போங்க சார்" என்றுதான் வந்தது. அவருக்கே அதைச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.