இடது பக்கம் திரும்பாத நாற்பத்தொரு நாள்

போன தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல். காலை 8 மணி 40 நிமிடம். பனி விலகி வெயில் ஏறியிருந்தது, காற்று இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வயது அறுபத்தெட்டு. காலில் எட்டுச் சக்கரங்கள். அவற்றை வைத்துக்கொண்டு வலது பக்கம் மட்டுமே எனக்குத் திரும்பத் தெரியும். இந்த உண்மையை ஊரில் ஒருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

எல்லாம் பேத்தி யாழினியால் வந்தது. பதினொரு வயது, சென்னையில் ஸ்கேட்டிங் கற்கிறாள். தீபாவளிக்கு வந்தவள், நான் தெருவில் நடப்பதைப் பார்த்து, "தாத்தா, நீங்க நேராத்தான் போறீங்க. திரும்பணும்னா நின்னு, யோசிச்சு, அப்புறம் திரும்புறீங்க" என்றாள். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் முப்பத்து நான்கு வருடம் நில அளவராக இருந்தவனுக்கு இது பெரிய அவமானம். பொங்கலுக்கு அவள் வரும்போது நானும் ஸ்கேட்ஸ் போட்டு, வலது ஒன்று, இடது ஒன்று திரும்பிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். (கொடுத்தபோது இரண்டு தட்டு வெண்பொங்கல் சாப்பிட்டிருந்தேன். நிதானம் குறைவு.)

பயிற்சிக்கு எங்கள் ஊர் நெல் உலர்த்தும் களம். எண்பதடிக்கு அறுபதடி, நல்ல சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு பிள்ளையார். களம் கட்டியபோது அவரை நகர்த்த யாருக்கும் துணிவில்லை. அவரைச் சுற்றியே சிமெண்டு போட்டுவிட்டார்கள். யாழினி தினமும் காலையில் வீடியோ காலில் வந்து பாடம் நடத்துவாள்.

"ரைட்ல திரும்பணும்னா ரைட் காலை அரையடி முன்னாடி வைங்க. முட்டியை மடக்குங்க. தலையும் தோளும் ரைட்ல போகணும். முக்கியமா, எங்க போகணுமோ அங்க பாருங்க தாத்தா. கண்ணு போற பக்கம்தான் கால் போகும்."

நாற்பத்தொரு நாள். பதினேழு விழுதல். வலது திருப்பம் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. இடது? பிள்ளையாரை இடமாகச் சுற்ற எனக்கு மனம் வரவில்லை. அவரை விட்டுத் தள்ளிப் போய்ப் பழகியிருக்கலாம். அந்த யோசனை நாற்பத்தொரு நாளும் வரவில்லை. யாழினி கேட்டபோதெல்லாம், "லெஃப்டை நேர்ல காட்டுறேன்" என்று தள்ளிப்போட்டேன்.

இதற்கிடையில் அறுவடை வந்தது. களத்தின் தென்பகுதியில் கமலா சன்ன ரக நெல்லைக் காயப்போட்டார். பக்கத்திலேயே அவர் கொழுந்தன் செல்வராசு தடித்த மோட்டா ரகத்தைப் பரப்பினார். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. யார் நெல் யார் பக்கம் வந்தது என்று ஜாடையாகவே சண்டை. மத்தியஸ்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் டேப் பிடித்து, ஆளுக்குப் பதினான்கடி அளந்து, நடுவே சுண்ணாம்பில் கோடு போட்டுக் கொடுத்தேன். நேரான கோடு. ஆனால் கமலாவுக்குச் சந்தேகம். "சர்வேயர் ஐயா, கோடு கோணலா இருக்கே?" என்றார். அது இரவெல்லாம் என்னை உறுத்தியது.

காணும் பொங்கலன்று களத்தில் இருபத்து மூன்று பேர். பிள்ளையாரை வலமாக ஒரு சுற்று வந்தேன். கைதட்டல். "சூப்பர் தாத்தா! இப்ப லெஃப்ட்!" என்றாள் யாழினி.

"பிள்ளையாரை இடமா சுத்தக் கூடாதும்மா."

"சுத்த வேணாம். நேரா வெளியே வாங்க, நெல்லுக்கு முன்னாடி லெஃப்ட்ல ஒரே ஒரு திருப்பம்!"

வந்தேன். இடது காலை முன்னால் வைத்தேன். முட்டியை மடக்கினேன். எல்லாம் சரி. கண் மட்டும் எதிரே தெரிந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் போனது. கோணலா, நேரா?

நேர்தான். அதன் மேலேயே போனேன் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு காலுக்குக் கீழே சன்னம், மறு காலுக்குக் கீழே மோட்டா. நெல்லில் சக்கரம் புதைந்ததும் வயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு சென்றேன். (பிறகு அளந்து பார்த்தேன், பதினொன்றரை அடி.) வரப்புத் தகராறுகளைத் தீர்த்தே பென்ஷன் வாங்கியவன், இரண்டு பேர் நெல்லுக்கு நடுவே இருந்த ஒரே எல்லையை வயிற்றால் அழித்துவிட்டேன்.

பிறகு கமலா, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கொழுந்தனைப் பார்த்து நேரடியாகப் பேசினார்.

"பாத்தியா செல்வராசு, இந்த மனுசன் பண்ணுன வேலைய?"

"ஆமா அண்ணி, நாளைக்குக் கொள்முதலுக்குப் போடணும். கலப்பு நெல்லைத் தொடுவானா?"

"மாடே களத்துல ஒழுங்கா சுத்தும். பென்ஷன் வாங்குறவருக்கு என்ன கேடு?"

இருவரும் சேர்ந்து கால் மணி நேரம் திட்டினார்கள். நல்ல ஒற்றுமை. நான் படுத்தபடியே, கலந்த நெல்லை நானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். அள்ளியதில் இரண்டு மூட்டை தேறியது. என் சட்டைப்பையில் மட்டும் ஒரு கைப்பிடி. செல்வராசு அதையும் விடாமல் வாங்கி மூட்டையில் போட்டார்.

அந்த அரிசியை ஆடி வரை சாப்பிட்டோம். சன்னம் குழையும்போது மோட்டா வேகாது. மோட்டா வேகும்போது சன்னம் கஞ்சியாகிவிடும். என் மனைவி சரோஜா ஒவ்வொரு நாளும் பானையைத் திறந்து, "இதுவும் ஒரு பக்கம்தான் திரும்பியிருக்கு" என்பாள். சென்னையிலிருந்து மகன் போன் செய்தால், நலம் விசாரிக்கும் முன்பே, "அப்பா, இன்னிக்குச் சாதம் லெஃப்டா ரைட்டா?" என்றுதான் கேட்கிறான்.

கேட்கட்டும். களம் காலியானதும், மாசியில் மறுபடி இறங்கினேன். பிள்ளையாரிடமிருந்து இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அவரை வலமாகச் சுற்றி, வாளியை இடமாகச் சுற்றி, லைசென்ஸ் எடுப்பவன் போல எட்டுப் போட்டேன். இருபத்தாறாவது நாள் முழு எட்டு வந்தது. யாழினி போனில் பார்த்துவிட்டு, "வாளி எங்க தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்கேட்ஸ் 3,450. இரண்டு மூட்டை நெல் 3,000. மில் கூலி 220. கட்டும் தைலமும் 185. பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் 25. உடைந்த வாளி 120. தொகை இப்படி முழுசாக வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஏழாயிரம் ரூபாயேதான்.