பின்சீட்டுப் புழு

இனிமேல் பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று வெர்லின் டக்கெட் அன்று மாலை ஒரு வீர முடிவெடுத்தான். முடிவெடுத்தபோது அவன் கையில் பாத்திரம் துலக்கும் பிரஷ் இருந்தது. இருந்தால் என்ன? வீரம் மனசில் இருந்தால் போதாதா?

சண்டை ஓர் அறைக்காக. மகள் கல்யாணமாகி மான்ட்கமரிக்குப் போன பிறகு காலியான அறை. காலி என்பதுகூடச் சும்மா பேச்சுக்குத்தான். மகளின் கார் தெருமுனை திரும்புவதற்குள் வெர்லின் நாலு டப்பா பொய்யிரையை அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான். இன்றைக்கு அங்கே சுவரே தெரியாது. பாஸ் மீனை ஏமாற்ற மனிதன் கண்டுபிடித்த அத்தனையும் அங்கே தொங்கும். வயிறு பெருத்த மர மீன்கள், உள்ளே குண்டு உருளும் கிலுகிலுப்பை மீன்கள், பாவாடை கட்டிய ஈயத் தலைகள், தண்ணீரில் சுழன்று மினுங்கும் தகடுகள், ரப்பர் தவளை, ரப்பர் நண்டு, ரப்பர் புழு. புழுவிலேயே எத்தனை நிறம்! அவன் பெண்டாட்டி நெல்டா தன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை நிறம் பார்த்துத் துணி எடுத்தவளில்லை.

அலபாமாவில் அந்த ஏரிக்கரையில் பிறந்த ஆம்பிளை எவனுக்கும் இந்த வியாதி உண்டு. மீன் ஒன்று பிடித்தால் இரை பத்து வாங்குவான். வெர்லினுக்கு அது முற்றிப்போன கேஸ். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. கலங்கின தண்ணீருக்கு என்ன நிறம், காற்றடித்தால் எந்தத் தகடு, புயலுக்குப் பிறகு என்ன போடுவது என்று பத்திரிகையில் படித்ததையெல்லாம் சோளரொட்டியோடு சேர்த்து மெல்லுவான். நெல்டா நடுநடுவே "உப்பு வேணுமா?" என்பாள். வேறொன்றும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு வேறொன்று கேட்டாள்.

"வெர்லின், அந்த ரூம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போறோம். அதுக்கு மரச்சட்டம் பெருசு. ஹால்ல வச்சா உனக்கு டிவி தெரியாது."

"அப்ப என் இரையெல்லாம்?"

"ஷெட்ல போடு."

"ஷெட்லயா! ஆகஸ்ட் வெயில்ல அது அடுப்பு மாதிரி. எல்லாம் உருகிடும்! போன வருஷம் ஒரே ஒரு பை மறந்துபோய் வச்சேனே, என்ன ஆச்சு?"

"ஒரே உருண்டையா ஆச்சு. கலர் நல்லாத்தான் இருந்துச்சு."

"அது அத்தனையும் புழு, நெல்டா! தனித்தனிப் புழு!"

"தனித்தனியா இருந்தப்ப மட்டும் என்னத்தைப் பிடிச்சுக் கிழிச்சுதுங்க?"

இந்த வார்த்தைதான் அவனைச் சுட்டது. பிரஷ்ஷைத் தொட்டிக்குள் போட்டான். கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

"இந்தச் சனிக்கிழமை சர்ச்சு ஜோடி மீன்பிடிப் போட்டி வருதில்ல? வழக்கமா சாண்ட்விச் தூக்கிட்டு வருவியே, இந்தத் தடவை தூண்டிலும் தூக்கு. நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரிய மீன் பிடிக்கிறாங்களோ, ரூம் அவங்களுக்கு. சம்மதமா?"

"ஐயையோ! நான் போய் உன்கிட்ட ஜெயிக்க முடியுமா? எனக்கு ரீலை எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியாதே."

"பயமா?"

"பயமாத்தான் இருக்கு. சரி, நீ சொன்னா சரி."

நெல்டா "நீ சொன்னா சரி" என்று சொன்னது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. மூளையுள்ள புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். வெர்லின் சீட்டியடித்துக்கொண்டு படகைத் துடைக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை மதியம் இடியும் மழையுமாக ஒரு புயல் ஊரைப் புரட்டிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே வடக்கிலிருந்து குளிர்காற்று. சாயங்காலம் வானம் துடைத்துவைத்த மாதிரி நீலமாக இருந்தது. நெல்டா வாசல்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு பொட்டு மேகம் இருக்காதுபோல," என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். போட்டி விருந்துக்குக் கொண்டுபோகும் வாழைப்பழப் புட்டிங் மழையில் நனையாது என்று சந்தோஷப்படுகிறாள் என்று வெர்லின் நினைத்துக்கொண்டான்.

பிறகு இரை பொறுக்க அந்த அறைக்குள் போனார்கள்.

"கண்ணு, அந்தச் சிவப்புக் கிலுகிலுப்பையை எனக்குத் தாயேன்."

"அது என் உயிரு. கேட்காதே."

"அப்ப அந்த மினுங்குற தகடு?"

"அதெல்லாம் பழகின கைக்கு."

"தவளை?"

"தவளைக்கு இன்னும் சீசன் வரலை."

நெல்டா மேல்தட்டைப் பார்த்தாள், நடுத்தட்டைப் பார்த்தாள், தரையில் கிடந்த ஒரு டப்பாவை மட்டும் பார்க்கவே இல்லை. வெர்லின் அந்த டப்பாவைத்தான் திறந்தான். வாங்கியதோடு சரி, ஒருநாளும் தண்ணீரைப் பார்க்காத சாமான்கள் அதில் இருந்தன. அதிலிருந்து ஒரு புழுவை எடுத்தான். விரல் தடிமன். சேற்றுப் பச்சை. வாலில்லை, காலில்லை, எந்தப் பக்கம் தலை என்பது அதற்கே தெரியாது.

"ஐயே! இதுவா? நாய் போட்டது மாதிரி இருக்கு. வெர்லின், எதை வேணும்னாலும் குடு. இதை மட்டும் குடுக்காதே!"

வெர்லின் ரெண்டு பையாகக் கொடுத்தான்.

"ஈயமாவது கட்டிக் குடு. முழுகவே மாட்டேங்குமே."

"ஈயமெல்லாம் வேண்டாம். மெதுவா முழுகும்."

"எப்படி ஆட்டணும்?"

"ஆட்டவே கூடாது. புல் ஓரமாத் தூக்கிப் போடு. கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

"அவ்வளவுதானா? அப்புறம் மீன் எப்ப பிடிக்கிறது?"

"அது மீனோட இஷ்டம்."

"முன்சீட்டுலயாவது உட்காரட்டா?"

வெர்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்சீட்டுக்காரன் காலடியில்தான் மின்மோட்டாரின் மிதி இருக்கும். படகு எங்கே போகும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவன் கால் வைத்த சட்டம். புதுத் தண்ணீர் எல்லாவற்றிலும் முதல் வீச்சு அவனுடையது. பின்சீட்டு என்பது பந்தியில் கடைசி வரிசை. அவன் கலக்கிவிட்டுப் போன தண்ணீர்தான் கிடைக்கும்.

"பின்னாடிதான் ஆடாது. உனக்கு அதுதான் சௌகரியம்," என்றான். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீரச் சிரித்தான்.

காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. வெர்லின் படகு மூக்கில் நின்று சிவப்புக் கிலுகிலுப்பையை வீசினான். கலகலவென்று இழுத்தான். வீசினான், இழுத்தான். ஒரு முனை முடிந்தால் அடுத்த முனை. கிலுகிலுப்பை எடுபடவில்லை என்று தகடு மாற்றினான். தகடு போய் மர மீன் வந்தது. மர மீன் போய் ஈயத் தலை வந்தது. வெயில் ஏறுவதற்குள் அவன் காலடியில் ஒரு பொம்மைக் கடையே சிதறிக் கிடந்தது. மீன் மட்டும் மூச்சு விடவில்லை.

பின்சீட்டில் நெல்டா புழுவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு குறைதான். படகு நகர்ந்தால் புழுவும் நகர்ந்தது.

"வெர்லின், கொஞ்சம் நிறுத்து. டீ ஊத்தணும்."

இனிப்பு டீயை ஓடுகிற படகில் ஊற்ற முடியாதுதான். நிறுத்தினான். அவள் ஊற்றினாள், ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஊத்தியாச்சா?"

"ஐஸ் போடணும்."

கொஞ்ச தூரம் போனதும், "வெர்லின், நிறுத்து. என் தொப்பி." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நிறுத்து, சாண்ட்விச் பிரிக்கணும்." அந்த மனுஷனை எந்த ஏரியிலும் எந்த மீனும் இத்தனை தடவை நிறுத்தியதில்லை. அதுவும் ஒவ்வொரு தடவையும் புல்திட்டு ஓரமாகவே அவளுக்குத் தாகமெடுத்தது.

எதிரே பக்கத்து வீட்டு ராய்ஸ் தன் படகில் வந்தான். "என்னடா வெர்லின், ஏதாச்சும் மாட்டுச்சா?"

"மாட்டும்டா. இப்பதான் கை சூடாகுது."

"எங்களுக்கும் முட்டைதான்டா. வானத்தைப் பாரு, இப்படி வெளுத்துட்டா எது கடிக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெர்லினும் கடைசியில் ஒன்றைப் பிடித்தான். கையை விரித்தால் மறைந்துவிடும். அதையும் மீன் தொட்டிக்குள் விட்டுவிட்டு, "இதோ, நான் முன்னால!" என்று கத்தினான்.

"கெட்டிக்காரன்," என்றாள் நெல்டா, வாயில் சாண்ட்விச்சோடு. "நிறுத்து, கை துடைக்கணும்."

அவள் கை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தூண்டில் நரம்பு தானாகப் பக்கவாட்டில் நடந்தது. நெல்டா சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். தளர்ந்திருந்த நரம்பைச் சரியான பக்கம் நாலு சுற்றுச் சுற்றினாள். தூக்கினாள். தூண்டில் வில்லாக வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் எழும்பியது பாருங்கள், வாயைத் திறந்தால் ஒரு முலாம்பழம் உள்ளே போகும்!

"வலை! வெர்லின், வலை!"

கூட வந்தவன்தான் வலை பிடிக்க வேண்டும். அது எந்தப் படகிலும் உள்ள முறை. வெர்லின் வலையை எடுத்தான். எடுத்தவன் கை ஒரு நொடி நின்றது. வலை விளிம்பு கொஞ்சம் தட்டினால் போதும், கொக்கி கழன்றுவிடும். அறை தப்பிவிடும். யாருக்குத் தெரியும்? ஏதோ தடுமாறிவிட்டேன் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அந்த மீன் படகோரமாகத் திரும்பியபோது அவனுக்கு அறை மறந்துபோனது. பச்சை முதுகும் பருத்த வயிறுமாக அப்படி ஓர் அழகு. இந்த மாதிரி ஒன்றை விட்டுவிட்டு அவனால் உயிரோடு இருக்க முடியாது. வயிறு தரையில் படக் குப்புற விழுந்து, வலையை அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். "ஐயோ நெல்டா! ஐயோ!" என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. மீனைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். அப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது.

கரையில் பாஸ்டர் கோல்மன் தராசு பிடித்தார். முள் ஏழு பவுண்டைத் தாண்டியது. அன்றைக்கு ஏரியில் வேறு எந்த ஜோடிக்கும் அதில் பாதிகூட இல்லை. "எதுல பிடிச்சீங்க சிஸ்டர்?" என்று பாஸ்டர் கேட்டார். "வெர்லின் ஆசையா பொறுக்கிக் குடுத்தார், பாஸ்டர்," என்றாள் நெல்டா. எல்லோரும் வெர்லினைத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். நெல்டா மீனைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

பிக்கப்பில் வீடு திரும்பும்போது அவனால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லு. உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"நீதான்."

"நானா? எப்ப?"

"இத்தனை வருஷமா சாப்பிட உட்கார்ந்தா வேற என்ன பேசியிருக்க? 'புயல் போய் வானம் வெளுத்துட்டா மீனு வாயை மூடிக்கும் நெல்டா. சத்தம் போட்டா ஓடிடும். ஈயம் இல்லாத புழுவைப் போடணும். புழுவும் ஆடக்கூடாது, படகும் ஆடக்கூடாது.' மனப்பாடம் ஆயிடுச்சு."

வெர்லின் ஸ்டியரிங்கைப் பார்த்தான். சொன்னது அவன்தான். சொல்லத்தான் தெரியும். படகு மூக்கில் ஏறி நின்றுவிட்டால் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவனால் ஆகாது. ஏரிக்கரையில் எவனாலும் ஆகாது.

"நீ கேட்டுக்கிட்டா இருந்த? உப்பு வேணுமா, உப்பு வேணுமானுதானே கேட்டுக்கிட்டிருந்த!"

"உப்பை வாயாலதானே கேட்டேன். காது சும்மாத்தானே இருந்துச்சு."

"அப்ப அந்தப் புழுவை வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சினியே?"

"வேணும்னு கெஞ்சியிருந்தா குடுத்திருப்பியா, கண்ணு?"

அவன் வண்டியை வீட்டு வாசலில் திருப்பினான். அங்கே நாலைந்து கார் நின்றது. உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தான். அவன் அறையில் சுவர் தெரிந்தது! நடுவில் பெரிய மரச்சட்டம். அதைச் சுற்றி சர்ச்சுப் பொம்பளைகள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வா வெர்லின்," என்றாள் அவர்களில் மூத்தவளான வில்லடீன். "ரூம் நல்ல வெளிச்சமா இருக்கு. பெரிய மனசுப்பா உனக்கு."

"எப்ப... எப்ப வந்தீங்க எல்லாரும்?"

"நீங்க படகை இழுத்துக்கிட்டு கிளம்பினதுமே வந்துட்டோம். நெல்டா சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வச்சிருந்தாளே."

"கிளம்பினதுமேயா? அப்ப மீனே மாட்டலையே!"

வில்லடீன் ஊசியில் நூல் கோத்தாள். வெர்லினுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று தலைக்கேறியது. என் இரை! ஷெட்! உருகிடுமே! பின்வாசல் வழியாகப் பாய்ந்தான். ஷெட் கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தான்.

உள்ளே ஒரு புழுகூட இல்லை. புல்வெட்டும் மெஷினுக்கு மேலே வரிசையாக அவனுடைய சட்டைகள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. பேன்ட்டுகள். டை. ரெண்டு ஜோடி பூட்ஸ். கோட்டின் தோளில் ஒரு குளவி ஏற்கெனவே மண்கூடு கட்ட ஆரம்பித்திருந்தது.

திரும்பி வீட்டுக்குள் ஓடி, படுக்கையறை அலமாரியைத் திறந்தான். அவனுடைய பக்கம் முழுக்க, கிலுகிலுப்பை தனியாக, தவளை தனியாக, புழு நிறவாரியாக, அவன் ஒருநாளும் அடுக்காத அழகில் அடுக்கியிருந்தது. மின்விசிறிக் காற்று ஜில்லென்று அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"நெல்டா! என் துணியெல்லாம் ஷெட்ல கிடக்கு!"

நெல்டா படுக்கையறைக் கதவோரம் சாய்ந்து நின்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "புழுதானே உருகும்னு சொன்ன கண்ணு, சட்டை உருகாதே."