விமானப் பம்புக்கு ஏரிக் குளியல்

காலை ஆறு இருபதுக்கு என் மகளின் வேலைக்கு நானே வேட்டு வைத்தேன். பள்ளிக்குக் கிளம்ப வைத்திருந்த அலாரம் அப்போதுதான் அடித்தது. அதைக் கேட்டாவது புத்தி வந்திருக்கலாம்.

பழைய விமான என்ஜின்களையும் உதிரிபாகங்களையும் வாங்கி விற்கும் கம்பெனியில் கலைச்செல்விக்கு வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்தின நாள் ஹைதராபாத்திலிருந்து பழைய எரிபொருள் பம்ப் ஒன்றைக் காரில் கொண்டுவந்தாள். ஆரம்பாக்கத்தில் கார் படுத்துவிட, ஆட்டோ பிடித்து, கடல்நீர் புகும் உப்பு ஏரியின் கரையிலுள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சோற்றுக் குண்டான் அளவு பம்ப். அதற்குப் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பெட்டி.

"நைனா, காலைல வேன் வரும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்.)

விடிந்ததும் மீன் கொடுக்க வந்த என் மச்சான் ஏழுமலை பெட்டியைப் பார்த்தான்.

"இன்னா மாமா இது?"

"பழைய விமானத்தோட பம்ப்."

"ஓடற பிளேன்லேர்ந்து எவனாவது சாமானக் கயட்டி விப்பானா? உயுந்த பிளேனாத்தான் இருக்கும்."

விழுந்த விமானமா? ஆள் செத்த படகின் என்ஜினை எங்கள் ஊரில் அப்படியே விற்பதில்லை. ஏரியில் முக்கியெடுத்து, மஞ்சள் பூசி, மண்ணெண்ணெய் விட்டு அலசிய பிறகுதான் அடுத்தவர் கைக்குப் போகும். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் என் அண்ணன் மூழ்கிப் போனபோது அவர் என்ஜினுக்கும் அதைத்தான் செய்தோம். அப்படி ஒரு சாமானையா என் பெண் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்?

நான் வேதியியல் வாத்தியார். உப்புநீர் உலோகத்தை அரிக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போடுகிறவன். அந்த அறிவாளிதான் லுங்கியை மடித்துக் கட்டி, பெட்டியிலிருந்து எடுத்த பம்ப்போடு ஏரியில் இறங்கினேன். பம்ப்பின் வாய்களை அடைத்திருந்த மூடிகளையும் கழற்றினேன். (உள்ளேயும் கழுவ வேண்டாமா?) முக்கினேன். மஞ்சள் பூசினேன். மண்ணெண்ணெய் கேனைத் திறக்கும்போது, பல் தேய்த்தபடி கலை வெளியே வந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, வெயில்ல வெச்சா காஞ்சுபூடும்," என்றான் ஏழுமலை. "தேங்காண்ண தடவி மூடிக் குட்த்துடு. எவனுக்குத் தெரியப்போவுது?"

நான் தலையாட்டினேன். மகளுடைய வேலையைத் தவிர வேறெதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை.

"உள்ள உப்பு அரிச்சிகினே இருக்கும் மாமா. ஒருநாள் நடுவானத்துல நின்னுபூடும். அதுல எத்தினி பேர் குந்திகினு இருப்பாங்க?" என்றாள் கலை.

போனை எடுத்தாள். "சார், பம்ப்புக்குள்ள ஏரித்தண்ணி போயிடுச்சு. எங்க வீட்லதான்." போனை மணலில் வைத்தாள். ஏழுமலை கொண்டுவந்த மீனைப் பூனை தின்றது. விரட்ட யாருக்கும் தெம்பில்லை. எனக்குக் காப்பி கிடைக்கவில்லை, கேட்கவும் துணிவில்லை.

இன்றும் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வந்தால்கூட என் மனைவி, "மொதல்ல வாத்தியார ஏரிப்பக்கம் போகாம புடிச்சிக்கோங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தலைக்கு மேல் விமானம் போனால் மட்டும், சத்தம் ஓயும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அன்று வேனில் முதலாளியே வந்து இறங்கினார். பம்ப்பைச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. கூடவே ஓர் இறால் குஞ்சு விழுந்து துள்ளியது. ("வெள்ள எறா" என்றான் ஏழுமலை. யாரும் கேட்கவில்லை.)

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் கலையிடம். "நீ சொல்லாம விட்டிருந்தா..."

நான் மெல்ல வாய் திறந்தேன். "சார், அந்த விமானம் விழுந்தப்ப எத்தனை பேர்..."

அவர் என் மஞ்சள் கைகளைப் பார்த்தார்.

"விழுந்த பிளேனோட சாமான நாங்க தொடறதே இல்ல சார். இது ஒழுங்கா ஓடி ரிட்டயர் ஆன பிளேன். அதுல தண்ணில விழுந்தது இந்த பம்ப் ஒண்ணுதான். அதுவும் இன்னிக்குக் காலைல."