கட்டைவிரல் உயர வேட்டிக்கு இஸ்திரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு என் மகள் காவ்யா தலைக்குக் குளிக்கப் போனாள். என் கெட்ட நேரம் அப்போதுதான் தொடங்கியது. (அவளுடைய கெட்ட நேரம் நான் அப்பாவாக வாய்த்தபோதே தொடங்கிவிட்டது என்பது என் மனைவி சுமதியின் கட்சி.)

சாப்பாட்டு மேசைமேல் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆட்டு வியாபாரி நின்றிருந்தார். ரெசின் பொம்மை. காவ்யா வண்ணம் தீட்டியது. வண்ணத்தில் ஆப்ப சோடா கலந்து புள்ளி புள்ளியாக ஒற்றியதில், அவர் தோளில் கிடந்த கம்பளி தொட்டால் குத்தும்போல இருந்தது. (எங்கள் வீட்டு ஆப்பம் கொஞ்ச நாளாக உப்பாத மர்மமும் விலகியது.) அன்று கோவையில் குட்டிப் பொம்மைகளின் கண்காட்சி. பொம்மை செய்யும் பட்டறை நடத்தும் அம்மா ஒருவர் வருவார். கைவேலை பிடித்தால் வேலை தருவாராம்.

"இது மட்டும் கெடைக்கலீன்னா, நீங்க சொல்ற பேங்க் பரிச்சைக்கே படிக்கறேனுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் இஸ்திரிப் பிரிவுக்குப் பொறுப்பாளன். சுருக்கத்தைக் கண்டால் கை அரிக்கும். வியாபாரியின் வேட்டியோ, செம்மண் கறையும் கசங்கலுமாக இருந்தது. என் மகளின் பொம்மை நாலு பேர் முன்னால் இந்தக் கோலத்திலா? கறை, கசங்கல் இரண்டுமே அவள் தூரிகை நுனியால் பாடுபட்டுத் தீட்டியவை என்று என் படித்த மூளைக்குத் தோன்றவில்லை. தொழில் முறைப்படி மேலே ஈரத்துணி போட்டு, நீராவி இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஒற்றினேன்.

சூட்டில் ரெசின் இளகி, வியாபாரி முதலில் வணக்கம் சொல்வதுபோலக் குனிந்தார். பிறகு கீழே எதையோ தேட ஆரம்பித்தார். பதறித் துணியை எடுத்தேன். செம்மண்ணும் கசங்கலும் அதோடு வந்துவிட்டன.

ஈரத் தலையோடு காவ்யா வந்து நின்றாள்.

"என்னங்கப்பா பண்ணுனீங்க?"

"சுருக்கம் எடுத்தேன் கண்ணு."

அவள் அழவில்லை. குனிந்தவரைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இன்றும் நான் சட்டை தேய்க்கப் போனால், "ஏனுங்க, உள்ள ஆளு யாரும் இல்லீங்களே?" என்று சுமதி கேட்டுவிட்டுத்தான் நகர்கிறாள்.

வேறு வழியில்லாமல் குனிந்த வியாபாரியோடு கிளம்பினோம்.

"முன்னால ஒரு ஆட்டுக்குட்டிய நிறுத்தீட்டா, அதப் பாத்துக் குனிஞ்சிருக்கறாருன்னு..." என்று காரில் ஆரம்பித்தேன்.

"பேசாம வாங்கப்பா."

அரங்கில் ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கினேன். (தூண் போதவில்லை. என் தொப்பை அப்படி.) ஒருவழியாக அந்த அம்மா வந்தார். பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"கம்பளி யாரு செஞ்சது?"

"நாந்தானுங்க."

"வேட்டி?"

காவ்யா தூணைப் பார்த்தாள். "எங்கப்பாங்க. இஸ்திரி போட்டுப்போட்டாருங்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திங்கக்கெழமை வேலைக்கு வந்துரு அம்மணி" என்றவர், என் பக்கம் திரும்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஏனுங்க, நீங்க வந்தராதீங்க."