அசராதவரும் முன் சீட்டும்

மனித குலத்தில் அசராதவர் என்றோர் இனம் உண்டு. மழை, வெயில் பாராமல் எல்லாத் தாலுகாக்களிலும் காணப்படும். கால் இரண்டு, தோளில் துண்டு, ஒரு பக்கம் சற்றே ஏறிய உதடு. "இதென்ன பெரிய அதிசயம்? நம்மூர்ல இல்லாததா?" என்பது இதன் கூவல். இந்த இனத்தை யாரும் கூண்டில் வைத்துக் காட்டுவதில்லை. ஆகவே நாங்களே ஒன்றை பஸ்ஸில் ஏற்றி மைசூர் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனோம்.

பெயர் குப்புராஜ். சித்தேரி மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் நிலக்கடலைக்குச் சொந்தக்காரர். எழுபத்திரண்டாம் வருஷம், அறுவடை முடிந்த கையோடு தர்மபுரியிலிருந்து கிளம்பிய சுற்றுலா பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். எதிரே வருவதையெல்லாம் எல்லோருக்கும் முன்னால் அலட்சியப்படுத்த அதைவிட வசதியான இடம் ஏது? அவர் சம்சாரம் முனியம்மாளுக்குக் கடைசி சீட். பள்ளத்துக்கு ஒரு முறை அந்த அம்மாள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

வாசலில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "திரும்பறப்ப நான் முன்னாடி குந்திக்கிறேங்க" என்றார் முனியம்மாள்.

"முன்னாடி குந்தி நீ என்னத்தைப் பார்த்துக் கிழிக்கப் போற?"

கூட வந்த துணிக்கடை நூர் பாஷா இடையில் புகுந்தார். "குப்பண்ணே, ஒரு பந்தயம். உள்ள எதையாச்சும் பார்த்து உங்க வாயிலருந்து ஒரே ஒரு 'அடேயப்பா' வந்துட்டா, முன் சீட்டு அண்ணிக்கு. சரிங்களா?"

"என் வாயிலயா? வந்தா குடுத்துடறேன், போங்க பாய்!"

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! ஒட்டகச்சிவிங்கியை அண்ணாந்து பார்த்து எங்கள் கழுத்தெல்லாம் சுளுக்கிக்கொண்டது; அவரோ அதன் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு வெள்ளாடும் இப்படித்தான் எட்டித் தழை தின்னும். கழுத்துதான் கொஞ்சம் பத்தலை" என்றார். நீர்யானை வாயைத் திறந்தது. ஆயிரம் பேர் அலறினார்கள். "ஏரியில எருமை. கொம்பைக் கழட்டி வச்சிருக்கான்." முதலையை ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போதே பார்த்தாயிற்று. சிங்கம் பகலில் தூங்கியது. அதற்கு அவருடைய மைத்துனரே இருக்கிறார்.

"வாயைத் திறங்கண்ணே!"

"கொட்டாவி வேணா விடறேன், பாய்."

பாவம், முனியம்மாள் எந்த மிருகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கூண்டின் முன்னும் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் கூண்டு. உள்ளே ஒரு காட்டுப்பன்றி. நிஜமாகவே நம்மூரில் இருப்பதுதான்; எங்களுக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்துக் காவலாள் ஒரு கூடை நிலக்கடலையைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார். பன்றி முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. காவலாள் உட்கார்ந்து, அதன் முதுகைச் சொறிந்துகொடுத்து, "ஊட்டா மாடு ராஜா, ஊட்டா மாடு" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்.

மூன்று மாதம் காவல் பரணில் குந்தி, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, அப்படியும் இதே சாதிக்குப் பாதி வெள்ளாமையைப் பறிகொடுத்த மனிதர், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா! கெஞ்சறானே! அதுவும் வேணாங்குதே!"

"சொல்லிட்டாரு! பாய், கேட்டுக்கிட்டீங்களா, சொல்லிட்டாரு!" முனியம்மாள் பன்றியை ஏறெடுத்தும் பாராமல் பஸ்ஸை நோக்கி ஓட்டம் பிடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் முன் சீட்டில் லாரிக்கு ஒரு 'அடேயப்பா', மைல்கல்லுக்கு ஒரு 'அடேயப்பா'. கடைசி சீட்டில் தலை கூரையில் இடிக்கும் சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு குரல்: "இதென்ன குலுக்கல்? நம்மூர் மாட்டுவண்டியில இல்லாததா?"

ஆகவே இந்த இனம் அழிந்துவிடுமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது கிடக்கட்டும், இவ்வளவையும் படித்துவிட்டு, 'இவர் என்ன பெரிய அதிசயம்? எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க' என்று நீங்கள் உதட்டை ஏற்றியதை நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

பின்னால் போய் உட்காருங்கள். தலை ஜாக்கிரதை.